நீர்நாய்க்கு நல்ல உறைவிடம் எது? – இல்லறத்தார்க்கு ஒரு பாடம்



சென்ற கோடை விடுமுறையில் வந்தவாசிப் பகுதியைச் சேர்ந்த எங்கள் குடும்பங்கள் சில ஒன்றுகூடிக் கொல்லிமலைக்குச் சென்று வந்தோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், சங்கப் புலவர் போற்றிய வல்வில் ஓரியின் மலைநாடு நம்மை வரவேற்கிறது. பலாவும் மிளகும் காப்பியும் செழித்த அம்மலையில், பெரியகோவிலூரை ஒட்டி ஐயாறு ஓடுகிறது. கோயிலருகே அந்த ஆற்று மீன்களை யாரும் பிடிப்பதில்லை. வருவோர் பொரி இட்டு மகிழ்வர். மனிதரைக் கண்டு அஞ்சாமல் கரையோரம் கூடிய மீன்களைக் கண்டு எங்கள் குழந்தைகள் நெடுநேரம் அங்கேயே அமர்ந்துவிட்டனர்.

அப்பொழுது ஏழாம் வகுப்பில் பயிலும் என் பேத்தி, “தாத்தா, இவ்வளவு மீன் இருக்கிறதே, நீர்நாய் வராதா?” என்று கேட்டாள். நான் விடை கூறுமுன் என் மகள் முந்திக்கொண்டாள். “நீர்நாயை நான் பார்த்திருக்கிறேன். நான் உன்னைவிடச் சிறியவளாக இருந்தபோது தாத்தாதான் மிருகக்காட்சிச் சாலைக்கு அழைத்துப் போனார். தொட்டியைச் சுற்றிச் சுற்றி அது எவ்வளவு அழகாக நடனம் ஆடியது தெரியுமா? நினைவிருக்கிறதா அப்பா?”

நினைவிருந்தது. அது நடனம் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நானே. இரும்புக் கம்பிகளுக்கு அப்பால் ஒரு சிமெண்டுத் தொட்டி. அதில் பாசி படிந்த நீர். சுற்றிலும் நீர் சொட்டும் வெறுந்தரை. தன்னந்தனியாக ஒரு நீர்நாய் ஒரே தடத்தில் சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மூலையில், ஒரே விதமாகத் தலையைத் திருப்பியது. நாங்கள் கைதட்டினோம். அது நடனமன்று, அடைபட்ட உயிரின் துயரம் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து நூல்களின் வாயிலாக அறிந்தேன். தவறாகக் கற்பித்ததைத் திருத்திக் கற்பிக்க வேண்டுவது கடமை. ஆதலால் அன்று ஐயாற்றங்கரையில் தொடங்கிய பாடத்தை நம் குடும்பங்கள் அனைத்துக்கும் பயன்படுமாறு இங்கே எழுதுகிறேன்.

1. உயிரை அறிதல்

ஓர் உயிருக்கு இடம் அமைக்குமுன் அவ்வுயிரின் இயல்பை அறிய வேண்டும். நம் ஆகமங்கள் ஐம்பொறி உடைய விலங்குகதி உயிர்களை நீரில் வாழ்வன, நிலத்தில் வாழ்வன, வானில் திரிவன எனப் பகுத்துக் காட்டுகின்றன. நீர்நாய் இவற்றுள் எதில் அடங்கும்? பெயரைக் கேட்டவுடன் ‘நீரில்’ என்று சொல்லத் தோன்றும். இந்த அவசர விடையே பல காட்சிச் சாலைகளில் அவ்வுயிருக்குத் துன்பமாக முடிந்தது.

நீர்நாய் நாயினத்தைச் சேர்ந்ததன்று. நீலகிரி மார்ட்டென், தேன்வளைக்கரடி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் மூவகை நீர்நாய்கள் உள்ளன. மென்மயிர் நீர்நாய் 7 முதல் 11 கிலோ வரை எடையுள்ளது. காவிரி போன்ற பேராறுகளில் கூட்டமாக வாழ்ந்து மீன் பிடிப்பது. குறுநக நீர்நாய் ஏறத்தாழ 3 கிலோ எடையே உள்ளது. மலையோடைகளில் கற்களுக்கடியில் விரல்களை விட்டுத் துழாவி நண்டையும் நத்தையையும் எடுத்து உண்பது. ஐரோவாசிய நீர்நாய் பெரும்பாலும் தனித்து வாழ்வது. சங்கப் புலவரும் இவ்வுயிரை நன்கு கண்டறிந்திருந்தனர். குறுந்தொகையிலும் ஐங்குறுநூற்றிலும் வாளை மீனை இரையாகக் கொள்ளும் நீர்நாய் இடம்பெறுகிறது.

திமிங்கிலத்துக்கும் கடல்நாய்க்கும் தோலுக்கடியில் தடித்த கொழுப்புப் படலம் உண்டு. அது குளிரைத் தடுக்கும். ஆற்றில் வாழும் நீர்நாய்க்கு அது இல்லை. அதற்குள்ள ஒரே போர்வை அதன் மயிரே. ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பல்லாயிரம் என்ற அளவில் அடர்ந்த உள்மயிர், காற்றைச் சிறைப்படுத்திக்கொண்டு நீர் தோலைத் தொடாதவாறு காக்கிறது. இப்போர்வை பயன்பட வேண்டுமானால் நீரைவிட்டு வந்தவுடன் அதனை உலர்த்த வேண்டும். ஆகவே நீர்நாய் புல்லிலும் மணலிலும் புரளும், மரக்கட்டையில் உடலைத் தேய்க்கும், நாவால் கோதும், உலர்ந்த வளைக்குள் சென்று உறங்கும். அது உண்ணுவதற்கு நீரையும் உயிர் காப்பதற்கு நிலத்தையும் நாடும் உயிர். பெயரில் பாதி மட்டுமே நீர். வாழ்வில் பெரும்பகுதி நிலம்.

2. அளவுகோல்

இனி, நல்ல உறைவிடத்தை எதைக் கொண்டு அளப்பது? ‘பார்ப்பவர்க்கு அழகாக உள்ளதா?’ என்பது நம் வசதிக்கான கேள்வி. நம் முன்னோர் வேறோர் அளவுகோலைத் தந்துள்ளனர். இல்லறத்தார் ஏற்கும் கொல்லாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள், அதாவது விரதத்தைக் கறைப்படுத்தும் குறைகள், சொல்லப்பட்டுள்ளன. உமாஸ்வாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் இவற்றைக் கூறுகிறது. சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தின கரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இவற்றை நமக்கு எடுத்துரைக்கின்றன. பந்தம், வதம், சேதம், மிகைப்பாரம் ஏற்றுதல், அன்னபானம் தடுத்தல் என்பன அவ்வைந்து.

மாடு, குதிரை, பணியாள் என வீட்டில் உள்ள உயிர்களை எண்ணியே அன்று இவை வகுக்கப்பட்டன. எனினும் ஒரு காட்சிச் சாலைக்குள் நுழைந்து, இவ்வைந்தையும் கொண்டு ஒவ்வோர் அடைப்பாக அளந்து பார்த்தால், இன்றைய விலங்கியல் அறிஞர் பல்லாண்டு உழைத்துக் கண்ட முடிவுகளும் இவ்வைந்தும் பெரிதும் ஒத்து வருவதைக் காணலாம். நீர்நாயின் உறைவிடத்தை ஒன்றன்பின் ஒன்றாக அளப்போம்.

3. பந்தம்

பந்தம் என்றால் கட்டுதல், அடைத்தல். பூஜ்யபாத ஆசாரியர் தம் உரையில், ஓர் உயிர் விரும்பிய இடத்துக்குச் செல்லவொட்டாமல் தடுப்பதே பந்தம் என்று விளக்குகிறார். கயிறோ கம்பியோ முக்கியமன்று. விருப்பம் தடைபடுவதே குற்றம் என்பது இதன் பொருள்.

இந்தியாவின் பழம்பெரும் காட்சிச் சாலைகளுள் ஒன்று சென்னையில் 1855இல் எட்வர்டு பால்ஃபர் என்பவரால் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் உலகெங்கும் கம்பிக் கூண்டே வழக்கம். 1907இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரை அடுத்து கார்ல் ஹாகன்பெக் என்பவர் கம்பிக்குப் பதிலாக அகழி அமைத்துத் திறந்தவெளி அடைப்பை அறிமுகம் செய்தார். சென்னைக் காட்சிச் சாலையும் 1985இல் வண்டலூர்க் காட்டுப் பகுதிக்கு மாற்றப்பட்டு அம்முறையில் அமைந்தது. ஆனால் கம்பியை நீக்கியதால் மட்டும் பந்தம் நீங்கிவிடாது. சுவிட்சர்லாந்தின் ஹெய்னி ஹெடிகர் என்ற விலங்கியல் அறிஞர் 1942இல் வெளியிட்ட நூலில் இதனைத் தெளிவுபடுத்தினார். இடத்தின் பரப்பைவிட அதன் தன்மையே முதன்மையானது என்பது அவர் கருத்து. பெரிய வெற்றுத் திடலைவிட, விலங்குக்குத் தேவையான பொருள்கள் நிறைந்த சிறு இடம் மேலானது.

நீர்நாய்க்கு இது எவ்வாறு பொருந்தும்? முதலாவது, நிலம். நீர்நாய் வளர்ப்பை ஆராய்ந்தோர் நீர்ப்பரப்பைப்போல் மூன்று அல்லது நான்கு மடங்கு நிலம் வேண்டும் என்று பரிந்துரைக்கின்றனர். பார்வையாளர் நீந்துவதையே காண விரும்புவதால், அமைப்போர் குளத்தைப் பெரிதாக்கி நிலத்தை ஓரத்தில் ஒரு வரப்பாக விட்டுவிடுவர். அங்கே மயிர் உலர வழியில்லை. ஈரப்போர்வையோடு கிடக்கும் நீர்நாய் குளிர்ந்து நுரையீரல் அழற்சிக்கு ஆளாகிறது. நீரை மிகுதியாகக் கொடுத்தே ஒரு நீர்நாயைக் கொல்ல முடியும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தேர்வு. வெயில், நிழல், ஆழ்ந்த நீர், ஆழமற்ற நீர், ஓடும் நீர், மணல், புல், உயர்ந்த பாறை, படுத்த மரக்கட்டை ஆகிய இவற்றிடையே அது விரும்பியபோது விரும்பிய இடத்துக்குப் போக முடிய வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட உலர்ந்த வளைகள் வேண்டும். அவற்றுள் வைக்கோல் போன்ற படுக்கை வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, நம் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்திருக்கும் உரிமை வேண்டும். பார்வையாளர் நான்கு புறமும் சூழ்ந்து நிற்குமாறு அமைத்தல் கூடாது. ஒரு புறம் போதும். ‘நாங்கள் வந்தபோது நீர்நாய் கண்ணில் படவே இல்லை’ என்று ஒருவர் குறைகூறினால், அந்த உறைவிடம் சரியாக அமைந்திருக்கக்கூடும்.

மூன்றாவது, மணம். நீர்நாய் தன் எச்சத்தைக் குறிப்பிட்ட சில இடங்களில் இட்டு, அதன் மணத்தால் தன் இருப்பைப் பிற நீர்நாய்களுக்கு அறிவிக்கிறது. அந்த மணமே அதன் ஊர், அதன் கடிதம். நாள்தோறும் எல்லா இடத்தையும் ஒருங்கே கழுவித் துடைத்தால் நமக்குத் தூய்மை. அதற்கோ ஒவ்வொரு காலையும் ஊர் அழிந்தது போலாகும். அறிந்த பராமரிப்பாளர் பகுதி பகுதியாகவே தூய்மை செய்து, சில அடையாளங்களை விட்டு வைப்பர்.

4. வதமும் சேதமும்

வதம் என்று இங்கே சொல்லப்படுவது உயிரைப் போக்குதலன்று. கோலாலும் சாட்டையாலும் அடித்து வருத்துதல். காட்சிச் சாலையில் கோல் எடுப்பவர் அரிது. ஆனால் கண்ணாடியைத் தட்டுபவர் பலர். நீர்நாயின் முகமயிர்கள் கலங்கிய நீரிலும் மீனின் அசைவை உணரவல்லவை. அத்தகைய நுண்ணுணர்வுடைய உயிர் இருக்கும் தொட்டியின் கண்ணாடியை நாணயத்தால் தட்டுவது வருத்துதலே. குழந்தையின் கையைப் பிடித்துத் தடுக்காத பெற்றோரும் இக்குறையில் பங்குடையவர். உணவு எறிதல், கூச்சலிடுதல், பளிச்சென ஒளி வீசிப் படம் எடுத்தல் ஆகியனவும் இதில் அடங்கும். நல்ல உறைவிடத்தில் பார்வையாளருக்கும் கண்ணாடிக்கும் இடையே செடிகளோ கம்பித் தடுப்போ இருக்கும். அந்த ஒரு முழ இடைவெளி இருபுறத்தாரையும் காக்கும்.

சேதம் என்பது உறுப்பைக் குறைத்தல். சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் நாள் முழுதும் நடந்தால் நீர்நாயின் மென்மையான உள்ளங்கால்கள் தேய்ந்து புண்ணாகும், மயிரும் தேயும். கத்தி எடுக்காமலே உறுப்பைக் குறைப்பதாக இது முடிகிறது. மண், மணல், உருண்டைக் கற்கள், இலைச்சருகு, புல் ஆகியனவே அதற்கேற்ற தரை.

குட்டிகளுக்கும் இங்கே ஒரு சொல். பிறந்த குட்டி கண் திறக்கவே சில வாரங்கள் ஆகும். அது நீந்தத் தெரிந்து பிறப்பதில்லை. தாயும் தந்தையும் கற்பிக்க வேண்டும். செங்குத்தான சுவருடைய குளத்தில் விழுந்த குட்டி ஏற முடியாமல் மூழ்கிவிடும். கரை சரிவாக இறங்க வேண்டும். குட்டி உள்ள காலத்தில் நீர்மட்டத்தைக் குறைக்க வேண்டும்.

5. மிகைப்பாரம்

வண்டிமாட்டின் மேல் தாங்க இயலாத சுமையை ஏற்றுவது மிகைப்பாரம். நீர்நாய் வண்டி இழுப்பதில்லையே எனலாம். ஆனால் வேடிக்கை காட்டுதல் என்ற பாரம் அதன்மேல் ஏற்றப்படுகிறது. ஜப்பானில் நீர்நாய்களைத் தொட்டும் ஊட்டியும் மகிழும் சிற்றுண்டிச் சாலைகள் தோன்றின. அவற்றின் படங்கள் உலகெங்கும் பரவின. ‘கைகுலுக்கும் நீர்நாய்’ என்று பலரும் ஆசைகொண்டனர். விளைவு, தென்கிழக்கு ஆசியக் காடுகளில் தாயைக் கொன்று குட்டியைக் கவர்ந்து விற்கும் கடத்தல். இதனைத் தடுக்கவே 2019இல் ஜெனீவாவில் கூடிய அருகிவரும் உயிரின வாணிபம் பற்றிய பன்னாட்டு மாநாடு, மென்மயிர் நீர்நாய், குறுநக நீர்நாய் ஆகிய இரண்டையும் பன்னாட்டு வணிக விற்பனை தடைசெய்யப்பட்ட முதல் பட்டியலில் சேர்த்தது. நம் வீட்டில் கைபேசியில் அத்தகைய படத்தைக் கண்டு ‘எவ்வளவு அழகு’ என்று பாராட்டிப் பிறருக்கு அனுப்பும்போது, நாமும் அப்பாரத்தில் ஒரு பிடி ஏற்றுகிறோம்.

தொடுதல் நோய்க்கும் வழி. 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் அட்லாண்டா நகர நீர்வாழ் உயிர்க்காட்சிச் சாலையில் குறுநக நீர்நாய்களுக்குக் கொரோனா தொற்று கண்டது. நல்ல உறைவிடத்தில் பார்வையாளர் தொடுவதற்கு இடமே இராது.

தனிமையும் ஒரு பாரமே. குறுநக நீர்நாய் இணை பிரியாது வாழும்; மூத்த குட்டிகள் இளைய குட்டிகளைப் பேண உதவும்; ஒரு குடும்பத்தில் பத்துக்கு மேற்பட்டவை கூடி வாழ்வதும் உண்டு. பல்வேறு ஒலிகளால் ஒன்றையொன்று அழைக்கும் இத்தகைய உயிரைத் தனியே வைத்தல், கூட்டுக் குடும்பத்தில் பிறந்தவரைத் தனியறையில் பூட்டுவதை ஒக்கும். மாறாக, தனித்து வாழும் ஐரோவாசிய நீர்நாயைக் கூட்டமாக அடைத்தால் சண்டையும் காயமுமே மிஞ்சும். அதனதன் இயல்பை அறிந்து வைத்தல் வேண்டும்.

6. அன்னபானம்

ஐந்தாவது குறை, உணவும் நீரும் தடுத்தல். நேரம் தாழ்த்திக் கொடுப்பதும் குறையே என்று நம் பெரியோர் கருதுவர். நீர்நாய் விரைந்து செரிக்கும் உடல் உடையது. நாள்தோறும் தன் எடையில் 15 முதல் 20 விழுக்காடு வரை உண்ணும். உண்டது சில மணி நேரத்தில் செரித்துவிடும். ஆகவே ஒரே வேளையில் மொத்தமாக இடுதல் கூடாது. பல வேளைகளாகப் பிரித்து இட வேண்டும். நான் கண்ட நீர்நாய் சுற்றிச் சுற்றி வந்ததன் காரணங்களுள் இதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். இரை தேடும் உந்துதல் உடலில் இருக்கிறது, தேடுவதற்கோ ஒன்றுமில்லை. அந்த உந்துதல் வெறும் சுற்றாக வெளிப்படுகிறது. அறிந்த பராமரிப்பாளர் உணவைக் கல்லிடுக்கிலும் மரப்பொந்திலும் நீரடியிலும் மறைத்து வைத்து, நீர்நாய் தேடி எடுக்கச் செய்வர். விரல்களுக்கும் அறிவுக்கும் அப்பொழுது வேலை கிடைக்கிறது.

உணவின் தன்மையும் முக்கியம். உறைய வைத்த சிலவகை மீன்களையே தொடர்ந்து கொடுத்தால் அவற்றிலுள்ள ஒரு பொருள் பி1 வைட்டமினைச் சிதைத்து நரம்பு நோயை உண்டாக்கும். காட்சிச் சாலைகளில் வளரும் குறுநக நீர்நாய்களுக்குச் சிறுநீரகக் கல் மிகப் பரவலாகக் காணப்படுகிறது. உணவும் அதற்கொரு காரணம் எனக் கருதி ஆராய்ந்து வருகின்றனர்.

இங்கே நாம் ஒரு கடினமான உண்மையை எதிர்கொள்ள வேண்டும். நீர்நாய் ஊன் உண்ணும் உயிர். அதற்குச் சோறும் பருப்பும் இட்டு வளர்க்க முடியாது. அவ்வாறு முயல்வது அன்னம் தடுத்தலே ஆகும். காட்டில் அது தன் வினைப்பயனால் பெற்ற உடலுக்கேற்ப இரை கொள்கிறது. அதில் நமக்குப் பங்கில்லை. ஆனால் நாம் அதை அடைத்து வைத்தால், அதன்பொருட்டு நாள்தோறும் மீனைக் கொல்விக்கும் பொறுப்பு நம் மேல் வருகிறது. ஓர் உயிரைக் காட்சிக்கு வைக்க எத்தனையோ உயிர்கள்! ஆகவே எந்த உறைவிடத்தைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இது நன்றாக அமைந்துள்ளதா?’ என்பதன்று, ‘இந்த உயிர் இங்கே இருக்க வேண்டிய தேவை என்ன?’ என்பதே.

7. எந்த உயிர் இருக்கலாம்?

தேவை உள்ள உயிர்களும் உண்டு. தாயை இழந்த குட்டி, வலையில் சிக்கிக் கால் இழந்தது, கடத்தல்காரரிடமிருந்து மீட்கப்பட்டுக் காட்டில் தானே வாழக் கல்லாதது ஆகியவற்றை ஆற்றில் விட்டால் அவை மடியும். அவற்றுக்கு நல்ல உறைவிடம் தருவது அடைக்கலம் ஆகும். அது அபயதானத்தைச் சேர்ந்தது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நீர்நாயைக் காக்கிறது; தனியார் வீட்டில் வளர்த்தல் குற்றம். 1992இல் அமைந்த மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் ஏற்பு இன்றி எவரும் காட்சிச் சாலை நடத்த இயலாது. 1998ஆம் ஆண்டின் தேசிய உயிரியல் பூங்காக் கொள்கை, அழிந்துவரும் உயிர்களைப் பேணும் பணிக்குத் துணை நிற்பதே காட்சிச் சாலைகளின் நோக்கம் என வகுத்துள்ளது.

நம் குடும்பங்களில் பிறந்தநாளையும் நினைவுநாளையும் முன்னிட்டு விலங்கு ஒன்றைத் தத்தெடுத்து அதன் செலவை ஏற்கும் வழக்கம் பெருகி வருகிறது. கருணையால் செய்யும் இச்செயலைத் தடுப்பது என் கருத்தன்று. ஆனால் ஊன் உண்ணும் விலங்கைத் தத்தெடுத்தால் நம் பொருள் ஊன் வாங்கவே செல்லும். மானையோ யானையோ கிளியையோ தேர்ந்துகொள்ளலாம். நீர்நாய்க்கே உதவ விரும்பினால், நிழல்மரம், வளை, படுக்கை, நீர் வடிகட்டி ஆகியவற்றுக்கென நன்கொடையைக் கொடுக்க இயலுமா என்று பொறுப்பாளரிடம் கேட்கலாம்.

8. ஆறே உறைவிடம்

எத்துணை சிறப்பாக அமைத்தாலும் அடைப்பு அடைப்பே. மிகச் சிறந்த நீர்நாய் உறைவிடம் மனிதன் கட்டாதது. அதை நாம் கெடுக்காமல் இருந்தால் போதும். ஐயாறு கொல்லிமலையில் ஆகாயகங்கை அருவியாக வீழ்ந்து, புளியஞ்சோலை வழியே இறங்கிக் காவிரிப் படுகையைச் சேர்கிறது. அக்காவிரியில் இன்றும் மென்மயிர் நீர்நாய் வாழ்கிறது. 2022இல் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் காக்கும் உயிர்களுள் அதுவும் ஒன்று. மணல் அள்ளுதல், வெடி வைத்து மீன் பிடித்தல், வயலின் பூச்சிமருந்து ஆற்றில் கலத்தல், கரையோர மரங்களை வெட்டுதல் ஆகியனவே அதன் பகைகள்.

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. வால்பாறையில் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கிடையே ஓடும் ஓடைகளிலும் குறுநக நீர்நாய் வாழ்வதை ஆராய்ச்சியாளர் கண்டு 2012இல் வெளியிட்டனர். மனிதன் பயிர் செய்யும் நிலத்திலும், ஓடைக்கரைச் செடிகொடிகளை விட்டுவைத்தால், அது வாழும். சிங்கப்பூரில் மறைந்துபோன மென்மயிர் நீர்நாய், ஆறுகள் தூய்மை செய்யப்பட்ட பின்னர் 1990களின் இறுதியில் திரும்பி வந்தது. இன்று மாநகரின் நடுவே பாலத்தடியிலும் பூங்காவிலும் குட்டிகளோடு திரிகிறது. அங்கே அதற்குக் கூண்டுமில்லை, நுழைவுச்சீட்டுமில்லை. அலுவலகம் செல்வோர் நின்று வழிவிடுகின்றனர்.

9. பேத்திக்குச் சொன்ன விடை

அன்று ஐயாற்றங்கரையில் என் மகளிடம், “அம்மா, அது நடனம் இல்லை. நான் அறியாமல் சொன்னேன்” என்று கூறினேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் நாம் கைதட்டியபோது அது என்ன நினைத்திருக்கும் அப்பா?” என்றாள். அதற்கு என்னிடம் விடையில்லை. பேத்தியோ, “இனிமேல் நாம் மிருகக்காட்சிச் சாலைக்கே போகக்கூடாதா தாத்தா?” என்றாள்.

“போகலாம். ஆனால் வேடிக்கை பார்க்க அன்று. அது எப்படி இருக்கிறது என்று விசாரிக்க. நோயுற்ற உறவினரைக் காணச் செல்வதுபோல அமைதியாகச் செல்ல வேண்டும். உலர்ந்த நிலம் இருக்கிறதா, மறைவிடம் இருக்கிறதா, துணை இருக்கிறதா, தேடி உண்ண வழி இருக்கிறதா, ஒரே தடத்தில் சுற்றுகிறதா என்று பார். குறை கண்டால் பொறுப்பாளருக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுது. நிறை கண்டால் பாராட்டியும் எழுது” என்றேன்.

ஊர் திரும்பியபின் அவள் தன் குறிப்பேட்டில் இவ்வைந்து கேள்விகளையும் எழுதி வைத்தாள். ஆறாவதாகத் தானே ஒன்றைச் சேர்த்திருந்தாள்: ‘இது ஏன் இங்கே இருக்கிறது?’ பாடத்தின் சாரம் அதுவே.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. நீர்நாயை நீர்வாழ் உயிர் என்று மட்டும் கருதினால் அதன் உறைவிடத்தில் நேரும் பிழை யாது?

2. கொல்லாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களைக் கூறி, அவற்றுள் இரண்டுக்குக் காட்சிச் சாலையிலிருந்து எடுத்துக்காட்டுத் தருக.

3. கண்ணில் படாத விலங்கு நல்ல உறைவிடத்துக்கு அடையாளமாக இருக்கக்கூடும் என்பதை விளக்குக.

4. அடைக்கலம், அடைப்பு ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாடு யாது?

5. உங்கள் ஊர் ஏரி, ஆறு, ஓடை ஆகியவற்றின் கரையில் இன்று எஞ்சியுள்ள மரஞ்செடிகள் எவை? அவற்றைக் காக்க உங்கள் குடும்பம் செய்யக்கூடியது என்ன? பெரியோரைக் கேட்டு எழுதுக.